மஞ்சள் அடைப்பான்

“யாரைக் கேட்டு அதைக் கழட்டின—”

“யாரைக் கேக்கணும்? எனக்கும் இது வண்டிதான—”

“கியர் பாக்ஸைக் கருக்கினவளுக்கு வண்டி வேற கேக்குதா! வெளிய வா, வெல்டா!”

வெல்டா வரவில்லை. பிக்கப் வண்டிக்கு அடியில் பழைய அட்டையை விரித்து மல்லாந்து கிடந்தாள். அங்கிருந்து ஆர்லனின் பூட்ஸ் மட்டும்தான் தெரிந்தது. துடைத்து மெருகேற்றிய பூட்ஸ். முப்பத்திரண்டு வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்கு அந்தக் குதிகால் மண்ணில் குத்துகிற குத்தே போதும், புருஷனின் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை.

நாலு மாதமாக இதே பேச்சு.

இரண்டிலிருந்து மூன்றாவது கியருக்குப் போகும்போது வண்டி வழுக்கும். ஒரு மூச்சு நின்று யோசிக்கும். அப்புறம் முதுகில் உதைத்த மாதிரி மாறும். கோடையில் கன்றுகளை ஏற்றிய டிரெய்லரை வெல்டா இழுத்துப் போனாளே, அன்றைக்கு, பாரம் இழுக்கையில் ஓவர்டிரைவ் என்கிற வேகக் கியரை அணைக்கிற பொத்தானை அமுக்க மறந்து ஆயிலைக் கருக்கிவிட்டாள் என்பது ஆர்லன் சொன்ன தீர்ப்பு. சாவியைப் பிடுங்கித் தன் பெல்ட்டில் மாட்டிக்கொண்டான். பண்ணையிலிருந்து அலையன்ஸ் டவுனுக்கு முப்பத்தெட்டு மைல். நெப்ராஸ்காவின் அந்த மேட்டில் சாவி இல்லாதவளும் ஒன்றுதான், வேலிக்கம்பமும் ஒன்றுதான்.

“பொத்தானை அமுக்கினேன், ஆர்லன்.”

“கிழிச்ச. ஏப்ரல்ல நான் மாத்தின ஆயில் அது. செர்ரிப்பழம் மாதிரி சிவப்பா இருந்துச்சு. நீ தொட்ட ஒரே மாசத்துல நாறிப் போச்சு.”

அமுக்கினேன் என்று நாலு மாதமும் சொல்லிவிட்டாள். சொல்லிச் சொல்லி, அமுக்கினோமா என்று அவளுக்கே சந்தேகம் வந்திருந்தது.

“கார்வினுக்கு ஃபோன் போடு. ஏப்ரல்ல என்ன நிறம்னு அவன் சொல்லட்டும்.”

“சனிக்கிழமை காலைல அவனை எதுக்கு இழுக்குற?”

கார்வின், ஆர்லனின் பட்டாளத்துக் கூட்டாளி. சாட்ரன் ஊரில் இருக்கிறான். அவன் கொட்டகையில் வண்டியை உயர்த்தி நிறுத்துகிற இயந்திரம் இருக்கிறதாம். ஊரில் மற்றவர்கள் கியர் ஆயிலை ஐந்தாறு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுவார்கள், பாதிப் பேர் அதுவும் இல்லை. ஆர்லன் புது வண்டி எடுத்த நாளிலிருந்து பதினொரு வருஷமாக ஏப்ரலில் ஒரு தடவை, அக்டோபரில் ஒரு தடவை கார்வினிடம் போய் மாற்றுவான். முழுசாக வடிய ஒரு ராத்திரி ஆகும் என்று அங்கேயே தங்கிவிட்டு வருவான். தேவாலயத்தில் பெண்களிடம் வெல்டா இதைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள்.

வரும்போது கார்வின் பெண்டாட்டி சுட்டது என்று கண்ணாடித் தட்டில் ஆப்பிள் பை என்கிற பலகாரம் வரும். வந்த தட்டை வெறுமனே திருப்புகிற பழக்கம் அந்தப் பக்கத்தில் கிடையாது. வெல்டா முட்டை வைப்பாள், காட்டுச் செர்ரி ஜெல்லி வைப்பாள். ஒருமுறை நன்றி என்று துண்டுச் சீட்டு வைத்தாள். அடுத்த தட்டில் பதில் வந்தது: ‘இப்படியொரு ஜெல்லியை நான் தின்றதே இல்லை.’ அந்தச் சீட்டு இன்னும் ஃப்ரிட்ஜ் கதவில் இருக்கிறது.

இது அக்டோபர் முறை; இன்றைக்கும் தட்டு தயார். முன்சீட்டில் மூன்று ஜெல்லி பாட்டில்களோடு, துணி போர்த்தி.

இந்தத் தடவை அவனுக்கு அலைச்சல் வேண்டாம், நாமே மாற்றிக் கொடுத்தால் சாவியாவது திரும்பி வரும் என்றுதான் அவள் நேற்றுப் பக்கத்துப் பண்ணைக்காரியின் காரில் போய் ஆயிலும் ஃபில்டரும் வாங்கினாள். இருபதே நிமிஷத்தில் எல்லாம் வடிந்துவிட்டது. கழற்றிய அடித்தொட்டியை இழுத்துக்கொண்டு வெளியே வந்து உட்கார்ந்தாள்.

“பாரு! கருப்புக் காப்பி! இது உன் வேலைதான்!”

அவள் தொட்டியின் கசண்டில் விரலை விட்டாள். சாம்பல் சேறு. இரும்புத் தூளைப் பிடிக்கிற காந்தம். அதன் பக்கத்தில் வழவழவென்று ஒன்று.

சட்டையில் துடைத்தாள். மஞ்சள் நிறம். கட்டைவிரல் அளவு பிளாஸ்டிக்.

உதிரிபாகக் கடைக்காரன் நேற்றுச் சொல்லிச் சிரித்தது அவளுக்குக் காதிலேயே கேட்டது: “ஆயில் அளவு பார்க்குற கம்பியோட ஓட்டையை ஃபேக்டரில மஞ்சள் அடைப்பான் வெச்சு மூடுவாங்கம்மா. கடைசியில குழாயைச் செருகறப்போ அதைத் தொட்டிக்குள்ள தள்ளிருவாங்க. முதல்ல திறக்குறவன் எடுத்து வீசிருவான். அது உள்ளயே கிடந்துச்சுன்னா, உங்களுக்கு முன்னாடி ஒருத்தனும் திறக்கலைன்னு அர்த்தம்.”

“எங்க வீட்டுக்காரர் வருஷத்துக்கு ரெண்டு தடவை திறப்பார்” என்று அவளும் சிரித்திருந்தாள்.

“என்ன குப்பை அது?” என்றான் ஆர்லன்.

“உனக்குத் தெரியலையா?”

“எனக்கு எப்படித் தெரியும்? நீ எதை உள்ள போட்டியோ!”

பதினொரு வருஷத்து ஆயில். பொத்தானை அமுக்கித்தான் இருக்கிறோம். கருக்கினது நாம் இல்லை. அவளுக்கு நெஞ்சு விரிந்து மூச்சு வந்தது. சாவியைக் கேட்கக் கை நீட்டினாள்.

நீட்டிய கை பாதியில் நின்றது. ஆர்லனைப் பார்த்தாள். படிய வாரிய தலை. சலவைச் சட்டை. அவனுக்குப் பின்னால், திறந்திருந்த கதவு வழியே முன்சீட்டில் துணி போர்த்திய தட்டு.

“வாயில என்ன கொழுக்கட்டையா? சொல்லேன், என்ன அது?”

வெல்டா எழுந்து போய், துணியை விலக்கி, மூன்று பாட்டில்களுக்கும் நடுவில் அந்த மஞ்சள் அடைப்பானை வைத்தாள்.

“ஆர்லன், இத்தனை வருஷமா இந்தத் தட்டை நான் யாருக்கு ரொப்பி அனுப்பினேன்?”