தானாகப் போன பதில்

"ஆபீஸ்ல இல்லைன்னா எழுதுவ? அழி, அழி! குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன், என்னப் போயி இல்லைன்னு எழுதற?"

பச்சமுத்து போட்ட சத்தத்தில் கலைச்செல்வி அடித்ததை எல்லாம் அழித்தாள்.

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே சொட்டுநீர்க் குழாய் விற்கும் ஆபீஸ் அது. முதலாளி பச்சமுத்து. வேலைக்கு இருக்கிற ஒரே ஆள் கலைச்செல்வி. பதினெட்டு வருஷத்தில் ஞாயிற்றுக்கிழமைகூட ஷட்டரை இறக்காத மனுஷன், இதோ இருக்கிற அனந்தபுரத்துக்கு, மச்சான் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு, புதன் முதல் ஞாயிறு வரை அஞ்சு நாள் போகிறாராம். அவளுக்கும் அஞ்சு நாள் லீவு. அதுவரை மெயில் போடுகிறவர்களுக்குத் தானாகவே ஒரு பதில் போகிற மாதிரி செய்துவைக்க வேண்டுமாம்.

"அப்ப 'ஊருக்குப் போயிருக்கிறேன்'னு போடட்டுமா சார்?"

"போடு. வீடு பூட்டித்தான் கெடக்குது, வந்து வாரிக்கினு போங்கன்னு அதையும் சேத்துப் போடு."

"நீங்களே சொல்லுங்க சார், நான் அடிக்கிறேன்."

அவர் கண்ணை மூடிக்கொண்டு கல்யாணப் பத்திரிகைக்கு வாசகம் சொல்வதுபோல் சொன்னார். "மெயில் கெடச்சுது. ரொம்ப சந்தோஷம். திங்கக்கெழமை காலையில ஆபீஸுக்குக் குடும்பத்தோட வாங்க. எதுவா இருந்தாலும் நேர்ல பேசிக்கலாம்."

"குழாய் வாங்கறதுக்கு எதுக்கு சார் குடும்பம்?"

"வூட்ல பொம்பளைங்க சரின்னு சொல்லாம எவன் இந்த ஊர்ல குழாய் வாங்கறான்? அடிம்மா!"

அடித்துவிட்டு கலைச்செல்வி தயங்கினாள். "சார்... சனிக்கிழமை பெங்களூர் மெயில் வருமே. அதுக்கும் இது போயிடும்."

பச்சமுத்து மேலே ஓடிய ஃபேனைப் பார்த்தார்.

பெங்களூர் மெயில் என்றால் சேரன், அவருடைய ஒரே மகன். மூன்று வருஷத்துக்கு முன் அவன் வீட்டுக்குச் சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டான். "இனிமே அவன்கிட்ட ஒரு வார்த்த பேசினாலோ, ஒரு எழுத்து எழுதினாலோ நான் பச்சமுத்தே இல்ல!" என்று இவர் பஸ் ஸ்டாண்டில் பத்துப் பேர் முன்னால் துண்டை உதறிச் சத்தியம் செய்துவிட்டார். போனில் அவன் நம்பரைத் தடுத்தாயிற்று. ஆபீஸ் மெயில் லிஸ்ட்டிலிருந்த அவன் பெயரையும் கலைச்செல்வியைவிட்டே எடுக்கச் சொன்னார். அவனும் அசருகிற ஆளில்லை. சனிக்கிழமை தவறாமல், "நைனா, வரட்டுமா?" என்று ஒரு மெயில் போடுவான். "அது விளம்பரம், விட்டுடு" என்பார் இவர்.

"கீழ அது இன்னா கட்டம்?" என்றார் பச்சமுத்து.

"டிக் போட்டா நம்ம லிஸ்ட்ல பேர் இருக்கறவங்களுக்கு மட்டும்தான் பதில் போகும் சார்."

"அப்ப போடு டிக்கு. கண்டவனுக்கெல்லாம் எதுக்கு பதிலு?"

அவன் பெயர்தான் லிஸ்ட்டிலேயே இல்லையே! அப்பாடா என்று கலைச்செல்வி டிக் போட்டாள். பாவம் அந்தப் பிள்ளை என்றும் நினைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஆபீஸ் வாசலில் சேரன் நின்றான். பக்கத்தில் மனைவி, அவள் இடுப்பில் ஒரு குழந்தை. கலைச்செல்வி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள்.

"நைனா, வரச்சொல்லி பதில் போட்டிருந்தியே..." அவன் நீட்டிய போனில் அதே வாசகம்.

சவரம் செய்து, சலவைச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்த பச்சமுத்து, மகனைப் பார்க்காமல் கலைச்செல்வியிடம் கத்தினார். "ஏம்மா, அவன்கிட்ட சொல்லு! நான் எழுதல, மெஷின் எழுதுச்சுன்னு சொல்லு!"

ரெண்டடி தூரத்தில் நிற்கிறவனுக்கு அவள் எதைச் சொல்வாள்?

சேரனுக்குக் கண் கலங்கிவிட்டது. "அப்ப நாங்க கெளம்பறோம் நைனா."

"மெஷின் கூப்பிட்டுதோ, மனுஷன் கூப்பிட்டானோ, வாசல்ல வந்து நிக்கறவங்கள திருப்பி அனுப்பற பழக்கம் நம்ம வூட்ல இல்லன்னும் சொல்லும்மா!" என்றவர், எழுந்துபோய்க் குழந்தையை வாங்கிக்கொண்டார். "நீ இன்னாடா கண்ணு பண்ண? ஒங்கிட்ட பேச மாட்டேன்னு நான் எங்க சத்தியம் பண்ணேன்?"

குழந்தை அவர் மீசையைப் பிடித்து இழுத்தது. எல்லாரையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனார். 'யார் தப்போ, நல்லாத்தான் முடிஞ்சுது' என்று கலைச்செல்வி மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

போன் அடித்தது. தொண்டூர் விநாயகம், பழைய கஸ்டமர். "இன்னாம்மா நெனச்சிக்கினு இருக்கீங்க? அஞ்சு நாளா மெயில் மேல மெயில் போடறேன். லீவுன்னு ஒரு பதிலாவது வரக் கூடாதா?"

"உங்க பேர் லிஸ்ட்ல இருக்குதே சார், வந்திருக்கணுமே!" என்றபடி அவள் லிஸ்ட்டைத் திறந்தாள்.

லீவுக்கு முந்தின வாரம் பூராவும் மத்தியானத்தில் முதலாளி கம்ப்யூட்டரில் ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருந்தது, அவள் நினைத்ததுபோல் சீட்டாட்டம் இல்லை. நாலு வருஷமாக அவள் ஏற்றிவைத்த நானூறு கஸ்டமரையும் ஒருத்தர் விடாமல் அழித்துவிட்டு, தன் கையாலேயே ஒரே ஒரு பெயரை அடித்து வைத்திருந்தார்: சேரன்.