கடையின் முகம்

“முகத்துல கத்தி வைக்கிறதா? உயிரே போனாலும் விடமாட்டேன்!” மேசையைத் தட்டினார் போட்டோ ஸ்டுடியோக்காரர். பக்கத்து நாற்காலியில் மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“மூக்கோரத்துல இருக்கிறது தோல் கேன்சர், சார். இப்பவே வெட்டி எடுத்துட்டா சின்னத் தழும்போட போயிடும். விட்டா கண்ணு வரைக்கும் அரிச்சிடும்” என்றார் டாக்டர்.

“தழும்பா? இந்த முகத்தைப் பார்த்துத்தான் சார் என் கடைக்கு ஆளே வர்றாங்க. ஏதாவது களிம்பு எழுதிக் குடுங்க.”

“களிம்புக்கெல்லாம் இது அடங்காது.”

“அப்ப அது பாட்டுக்கு இருக்கட்டும். நான் டச்சப் பண்ணிக்கிறேன்.”

மனைவிக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. அதுவரை தன் மூக்கோரத்தில் பொத்திப் பிடித்திருந்த கைக்குட்டையை எடுத்து மேசைமேல் வீசினாள். புண் சிவந்திருந்தது.

“நாளைக்கே எடுத்துடுங்க டாக்டர்” என்றவள், கணவர் பக்கம் திரும்பினாள்.

“உயிரே போனாலும்னீங்களே, யார் உயிரு? கடை வாசல்ல மாட்டுறதுக்கு வருஷா வருஷம் என்னைத்தானே உட்கார வச்சுப் படம் பிடிக்கிறீங்க? இனிமே பழைய படத்தையே மாட்டிக்குங்க. அதுக்குக் கேன்சர் வராது!”