சீசர் கண்ட கனவு

"ஏனுங்க குஞ்சம்மா, எங்க சீசரை எதுக்கு அடிக்கறீங்க?"

பக்கத்து வீட்டு வாசலில் நின்று ஆண்ட்ரூஸ் நிதானமாகத்தான் கேட்டார். ஆனால் எடப்பாடிப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் முப்பத்திரண்டு வருஷம் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். அவர் நிதானமாகக் கேட்டால், தெருமுனை டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து நிற்பார்கள்.

தறியை நிறுத்திவிட்டு வெளியே வந்த குஞ்சம்மாள் தலையில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டிவிட்டாள்.

"நானுங்களா? யாரு சொன்னதுங்க?"

"சீசரே சொல்லுச்சு."

குஞ்சம்மாள் அவரையே பார்த்தாள்.

"கனவுலங்க. மத்தியானம் படுத்தா போதும், காலை உதறிக்கிட்டு முனகுது. பகல்ல பட்டதுதான் நாய்க்குக் கனவா வருமாம். போன்ல ஒரு டாக்டர் சொல்றாரு. நான் இன்னைக்கு வரைக்கும் அதும்மேல கை வெச்சதில்ல. எங்க ஊட்டுக்காரி கொசுவைக்கூட அடிக்கமாட்டா. நாங்க இல்லாதப்ப நீங்க எங்க கேட்டைத் திறந்துட்டு வெளிய வந்ததை டீக்கடை அங்கமுத்து பாத்திருக்கான். இப்ப சொல்லுங்க."

"நாய் கண்ட கனவுக்கு நான் என்னங்க சார் பண்றது?"

அவ்வளவுதான் சொன்னாள். உள்ளே போய்விட்டாள். தறி மறுபடி ஓட ஆரம்பித்தது. பதில் இல்லாமல்தான் நழுவுகிறாள் என்று ஆண்ட்ரூஸ் முடிவு செய்துகொண்டார்.

வீட்டில் மனைவி இசபெல்லா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"கனவை வெச்சா பஞ்சாயத்துக்குப் போனீங்க? ஊர்ல சிரிக்கப்போறாங்க."

"சிரிக்கட்டும். வாயில்லாத ஜீவனுக்கு யாரு கேக்கறது?"

போர்ட்டிகோவில் சீசர் தூங்கிக்கொண்டிருந்தது. ஆண்ட்ரூஸ் ஒரே ஒரு தடவை பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. நாய் துள்ளி எழுந்து விறைத்து நின்றது.

"பாரு, அட்டென்ஷன். இதுக்குப் பேருதான் ட்ரெய்னிங்."

இசபெல்லா ஏதோ சொல்ல வந்தாள். பிறகு வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள்.

செவ்வாய்க்கிழமை அவள் அந்தோணியார் கோயில் நவநாள் ஜெபத்துக்குக் கிளம்பினாள். ஆண்ட்ரூஸும் பேங்குக்குப் போவதாகத் தெருவே கேட்கும்படி சொல்லிவிட்டு பைக்கை எடுத்தார். தெருமுனை திரும்பியதும் இன்ஜினை அணைத்தார். பின்சந்து வழியாக வண்டியைத் தள்ளிக்கொண்டே திரும்பி வந்து, கொல்லைக் கதவைத் திறந்து, போர்ட்டிகோ ஓரத்துத் தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் முட்டி போட்டு உட்கார்ந்தார்.

அறுபத்தோரு வயது. சொந்த வீட்டில் திருடன் வேஷம். எத்தனை ஆயிரம் பையன்களை முட்டி போட வைத்திருப்போம் என்று ஒரு கணக்கு மனதில் ஓடியது. அதில் ஒருத்தன் இப்போது எட்டிப் பார்த்தாலும் ஊரை விட்டே போகவேண்டியதுதான். இருந்தாலும் போனில் கேமராவைத் திறந்து வைத்துக்கொண்டார். ஆதாரம் வேண்டும்.

அன்றைக்குக் கரண்டு இல்லை. தெருவில் ஒரு தறிகூட ஓடவில்லை.

கால் மணி நேரம் போயிருக்கும். தூங்கிக்கொண்டிருந்த சீசரின் காது துடித்தது. நாலு காலும் தரையைப் பிறாண்டின. தொண்டைக்குள்ளிருந்து குழந்தை விசும்புவது போல ஒரு சத்தம் வந்தது.

கேட் திறக்கும் ஓசை கேட்டது.

குஞ்சம்மாள்தான். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு உள்ளே வந்தாள். ஆண்ட்ரூஸ் பட்டனை அழுத்தினார். மாட்டினாள். இவளிடம் வீடியோவைக் காட்டி, அப்புறம் இசபெல்லாவிடம் காட்டி, அங்கமுத்துவிடமும் காட்டவேண்டும்.

அவள் கையில் குச்சி இல்லை. கல்லும் இல்லை. தரையில் உட்கார்ந்து, நாயின் தலையை மெதுவாகத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். அது கண்ணைத் திறக்கவில்லை. உடம்பு மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது. காதுக்குப் பின்னால் விரலால் நீவிக்கொடுத்தாள்.

"ஒன்னுமில்ல சாமி, ஒன்னுமில்ல. உங்கய்யன் ஊட்டுல இல்ல. பயப்படாமத் தூங்கு."

நடுக்கம் நின்றது. சீசர் பெருமூச்சு விட்டுக் காலை நீட்டிக்கொண்டது.

அது தானாக விழிக்கும்வரை, டிரம்முக்குப் பின்னால் ஆண்ட்ரூஸ் இருமக்கூட இல்லை.