சேர்த்துப் பேசாத குழந்தை

மூன்று மாதத்துக்கு முன் ஆறே வார்த்தை பேசிய இரண்டு வயதுப் பாப்பா, இப்போது ஐம்பத்திரண்டு பேசுகிறாள். அம்மா எழுதி வந்த பட்டியலைப் பார்த்து டாக்டரம்மா அசந்துபோனார்.

"அப்படி என்னங்க செஞ்சீங்க?"

"நாள் பூரா ரெண்டு பேரும் இவகிட்டயேதான் பேசறோம்," என்றார் அப்பா.

"ஆனா ரெண்டு வார்த்தையைச் சேர்த்துப் பேச மாட்டேங்கறாளே!" என்று கவலைப்பட்டாள் அம்மா.

"அதுவும் வந்துடும். வெள்ளிக்கிழமை மறுபடி வர முடியுமா?"

அப்பா, பக்கத்திலிருந்த மனைவியை விட்டுவிட்டு, மடியிலிருந்த மகளிடம் குனிந்தார்.

"பாப்பா, வெள்ளிக்கிழமை தோதுப்படுமான்னு உங்கம்மாவைக் கேளு."

டாக்டரம்மாவின் பேனா நின்றது. "எத்தனை நாளா இந்தக் கூத்து?"

"மூணு மாசமா," என்றார்கள் இருவரும், ஆளுக்கொரு சுவரைப் பார்த்தபடி.

பாப்பா அப்பாவை நிமிர்ந்து முறைத்தாள்.

"நீயே கேளு!"

டாக்டரம்மா அதைப் பட்டியலில் எழுதிக்கொண்டார்.

"குழந்தை தேறிட்டா. வெள்ளிக்கிழமை நீங்க ரெண்டு பேர் மட்டும் வந்தாப் போதும்."