என்னிடமிருந்தும்

வெள்ளவத்தையில் ஒரு மருத்துவ நிலையத்தின் வாசற்படியில், கடற்பக்கத்து மாலை வெயில் முகத்தில் அடிக்க, சிவரூபன் அம்மாவுக்குத் தொலைபேசியில் கோல் எடுக்கிறான். மூன்று வயது மகள் ஆரணி அவன் தோளில் தூங்குகிறாள். காலையில் இரத்தம் ஏற்றிய அவள் கையில் இன்னும் பிளாஸ்டர் ஒட்டியிருக்கிறது. பிள்ளைக்குத் தலசீமியா என்ற இரத்த நோய் இருப்பது தெரிந்த நாளிலிருந்து அம்மாவின் கொட்டாஞ்சேனை வீட்டில் எல்லோரும் அவன் மனைவி தர்மிகாவின் பரம்பரையைத்தான் குறை சொல்கிறார்கள். அவள் இரண்டு படி கீழே, அவனுடைய இரத்தப் பரிசோதனை முடிவைக் கையில் பிடித்தபடி நிற்கிறாள். “அம்மா, என்ர றிப்போட் வந்திட்டுது. என்னட்டயும் அது இருக்கு.” “உனக்கு ஒரு நோய் வருத்தமும் இல்லையே, தம்பி.” “ஒரு பக்கத்தால மட்டும் வந்தா வருத்தம் வராதம்மா. தர்மிகாட்ட இருந்து ஒண்டு, என்னட்ட இருந்து ஒண்டு. ரெண்டும் சேர்ந்ததாலதான் பிள்ளைக்கு வந்தது. எனக்கு உங்களிட்ட இருந்தோ அப்பாட்ட இருந்தோதான் வந்திருக்கும்.” அவன் சொல்லும்போதே கடற்கரை ரயில் இரைந்துகொண்டு வந்து அவன் குரலை மூடிவிடுகிறது. “நீ சொன்னது ஒண்டும் கேக்கேல்ல,” என்கிறாள் அம்மா. “விடுங்கோ, பிறகு கதைப்பம்,” என்று தர்மிகா அவன் முழங்கையைத் தொடுகிறாள். அவன் மாட்டேன் என்று தலையசைக்கிறான். கடைசிப் பெட்டி கடக்கும்வரை பொறுத்திருந்து, பிள்ளையை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டு, முதலிலிருந்து சொல்லத் தொடங்குகிறான்.