இன்னும் இரண்டு கேம்

"இன்னும் ஒரே ஒரு தடவை, சுகந்தி. அப்புறம் கேக்கவே மாட்டேன்."

"போன தடவையும் இதைத்தானே சொன்னீங்க?"

அன்று இருவரும் சிரித்துவிட்டார்கள். அதற்குப் பிறகும் இரண்டு முறை ஆகிவிட்டது.

செயற்கைக் கருத்தரிப்பு மருத்துவமனையில் எத்தனையாவது முறை என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. டி.வி.யில் நட்சத்திர டென்னிஸ் வீராங்கனை முழங்காலைப் பிடித்துக்கொண்டு பாதியில் ஆட்டத்தைக் கைவிட்டதும்தான், காத்திருந்தவர்கள் வாய் திறந்தார்கள்.

"ஜெயிக்கிற நேரத்துல விட்டுட்டுப் போறதா?"

"வலி அவளுக்கு சார், உங்களுக்கா?"

"ரெண்டே கேம்தான். பல்லைக் கடிச்சிக்கிட்டு ஆடியிருக்கலாம்," என்றான் சுகந்தியின் கணவன் பிரபாகர்.

வீராங்கனை எதிராளியுடன் கைகுலுக்கிவிட்டு நொண்டியபடி வெளியேறினாள். அழுதிருந்தாலும் அவள் முகம் தெளிந்திருந்தது. சுகந்தி அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஊசிகள் ஏறிக் கன்றிப்போன அடிவயிறு சேலைக்குள் வலித்தது.

நர்ஸ் சுகந்தியின் பெயரைக் கூப்பிட்டதும் பிரபாகர் ஃபைலோடு எழுந்தான். அவள் எழவில்லை. அவன் சட்டைக்கையைப் பிடித்து இழுத்தாள். இரண்டு வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொன்னாள்.

"என்னங்க, எனக்குப் போதும். இதோட நிறுத்திக்கலாமா?"