மேசைக்கு அடியில் வானிலை

"இன்னும் கொஞ்சம் உள்ள போங்க. முழங்கால் தெரியுது."

சாப்பாட்டு மேசைக்கு அடியில் மடங்கிக் கிடந்த கணவன் முனகிக்கொண்டே காலை இழுத்துக்கொண்டான். லிஃப்ட் பழுது பார்க்கிறவனுக்கு இடுக்குகள் புதிதில்லை. ஆனால் ஒரு கையில் தடிப் புத்தகமும் மறு கையில் டார்ச்சுமாகக் கிசுகிசுப்பது இதுதான் முதல் தடவை.

மேசைமேல் லேப்டாப் திறந்திருந்தது. விடிந்தால் ஆன்லைன் பரீட்சை. பாடம், வானிலையும் காலநிலையும்.

"போன தடவை இந்தப் பேப்பர்ல நடந்த கூத்துக்குக் காலேஜே சிரிச்சுது," என்றாள் அவள். "இன்னொரு தடவை காப்பி அடிச்ச கதை காதுல விழுந்தா உங்களுக்கு இங்க இடமில்லன்னு பிரின்சிபால் மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டார். நாளைக்கு மானம் போகக்கூடாது."

அடுத்த அறையில் அவளுடைய தம்பி இன்னொரு லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தான். செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவன், இன்று கடையை மூடிவிட்டுக் கண்காணிப்பாளர் வேடம் போட்டிருந்தான். கேமராவில் என்னென்ன தெரிகிறது என்று சொல்வது அவன் பொறுப்பு.

"வானிலைன்னா என்ன?" அவள் கேட்டாள்.

"முப்பது வருஷச் சராசரி," என்றது மேசை.

"அது காலநிலைங்க."

"இருக்கிறது ஒரே வானம். அதுக்கு எதுக்கு ரெண்டு பேரு?"

"அக்கா! நீ குனியறது அப்பட்டமாத் தெரியுது!" தம்பி அங்கிருந்து கத்தினான்.

"தெரியுதா? நல்லது. நீங்க வெளிய வாங்க."

அடுத்து, லேப்டாப்புக்குப் பின்னால் இருந்த சுவர் முழுக்கத் துண்டுச் சீட்டு ஒட்டினார்கள். மேக வகைகள் ஒரு பக்கம், காற்றழுத்தம் ஒரு பக்கம்.

"கண்ணு அங்கயே போகுதுக்கா. பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவ மாதிரி இருக்க."

சீட்டுகளைக் கிழித்தார்கள். தம்பி தன் பையிலிருந்து அரிசி அளவு இயர்போன் ஒன்றை எடுத்து வந்து அவள் காதுக்குள் வைத்து, முடியை இழுத்துவிட்டான். கணவன் சமையலறைக்குப் போய்ப் போனில் ஈரப்பதத்தைப் பற்றி ஒரு பக்கம் வாசித்தான்.

"சூப்பர்க்கா! ஒண்ணுமே தெரியல!"

அவள் முகம் வாடிவிட்டது. "முடியை ஒதுக்கிக் காதைக் காட்டுன்னு கேட்டா?"

"கேட்டா மாட்டிக்க வேண்டியதுதான்."

முகம் மறுபடி தெளிந்தது.

சோபாவில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்த மாமியார் இத்தனை நேரம் பொறுத்ததே பெரிய விஷயம். "எதுக்குடி இந்த வயரும் டார்ச்சும்? புத்தகத்தை இங்க குடு. நான் இருமுறேன். ஒரு இருமல்னா முதல் விடை, ரெண்டுன்னா ரெண்டாவது."

"அத்தை, உங்களுக்கு எதுக்கு..."

"குடுடி."

கேமராவில் படாத மூலையில் புத்தகத்தோடு உட்கார்ந்தார். பனிமூட்டம் பற்றிய கேள்விக்கு இரண்டு இருமல். சரியான விடை. ஆலங்கட்டி மழைக்கு மூன்று. அதுவும் சரி. அடுத்த கேள்வியில் நிஜ இருமலே வந்துவிட்டது. நிற்கவேயில்லை.

"இருக்கிறது நாலு விடைதான், அம்மா பதினேழாவதுல போயிட்டிருக்காங்க," என்று கணவன் தண்ணீரோடு ஓடினான்.

மாமியார் தண்ணீரைக் குடித்து மூச்சு வாங்கினார். "இத்தனை வருஷமா இந்த வீட்டுல நான் வாயைத் திறந்து பேசினா ஒருத்தரும் காது குடுக்கல. இருமினா ஓடி வர்றீங்க."

தம்பி எழுந்து வந்தே சொன்னான். "அக்கா, இதுதான் முதல் பரிசு. கேமராவுல ஒண்ணும் தெரியல. வீட்டுல யாரோ இருமுறாங்க, அவ்வளவுதான். இதை எவன் வந்தாலும் பிடிக்க முடியாது."

அவள் நாற்காலியில் சரிந்து கண்களை மூடிக்கொண்டாள். "போச்சு," என்றாள். கணவன் அவள் தோளில் கை வைத்தான். "வேலை போனாலும் பாத்துக்கலாம்," என்றான்.

கண்ணைத் திறந்தபோது, எதிர் மாடியில் ஒருத்தி அண்ணாந்து பார்த்துவிட்டு, காயப்போட்ட துணிகளை வாரிச் சுருட்டிக்கொண்டு உள்ளே ஓடினாள். இவள் அதையே பார்த்தாள். சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்து, திரையில் இருந்த எல்லாவற்றையும் அழித்தாள். புதிதாக நாலு வரி தட்டினாள்.

மாமியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பின்னால் வந்து நின்று, உரக்கப் படித்தார்.

"அவரவர் ஜன்னலைத் திறந்து, அங்கே தெரியும் வானத்தைப் படம் பிடித்து இணைக்கவும். இன்று மழை வருமா, வராதா? காரணம் எழுதுக. புத்தகம் பார்க்கலாம். யாரை வேண்டுமானாலும் கேட்கலாம்."

படித்து முடித்துத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"பாவம்டி, உன்கிட்ட படிக்கிற பிள்ளைங்க!"